கடற்கரைக்காரி கடலைத்தான் எடுக்க வேண்டுமா? வானொலி ஃபெலோஷிப்புக்கு பீட் தேர்வு, யோசனை தேவை

முட்டத்துக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறிய வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர், மற்ற நாள்களில் ஒரு துணிக்கடையில் கணக்கு. வானொலியின் பெயர் வேண்டாம். இங்கே எங்கள் பொறுப்பாளரும் உலவக்கூடும்.

ஒலி இதழியலாளர்களுக்கு ஒரு ஃபெலோஷிப் அறிவித்திருக்கிறார்கள். உள்ளூர் வானொலிகளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். ஒன்பது மாதம், ஒரே ஒரு பீட் (தொடர்ந்து பின்தொடரும் ஒரே துறை), மாதத்துக்கு இரண்டு ஒலிச்சித்திரங்கள். விண்ணப்பத்தின் முதல் கேள்வி: "நீங்கள் எடுக்கும் பீட் எது? அதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும்?" கேள்வியின் இரண்டாம் பாதியில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: கடல். "நீ கடற்கரைப் பெண், அப்பா கடலுக்குப் போனவர், ஒக்கிப் புயலைக் கண்ணால் பார்த்தவள், வேறென்ன வேண்டும்?" பார்த்தேன்தான். 2017 நவம்பர் 30 அன்று எங்கள் வீட்டு ஓடு பறந்தது. மரம் விழுந்தது, மின்சாரம் போனது, செல்போன் செத்தது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போய்விட்டிருந்தன. பண்பலை கரையைவிட்டு வெகுதூரம் போனால் இரைச்சலாகிவிடும். அதில் எச்சரிக்கை சொல்லி யாருக்குக் கேட்கும்? இதெல்லாம் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த வாரங்களில் எங்கள் தெருவுக்கு வந்த கேமராக்களையும் பார்த்தேன். ஒரு பெண்ணை, வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் முறையும் அழ வைத்தார்கள். அந்த அக்கா இப்போதும் மைக்கைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். நான் மைக்கோடு அந்தத் தெருவில் நடந்தால் என் முகத்தைப் பார்த்தா திறப்பாள்?

எனக்கு ஆசை வேறொன்றின்மேல். கால்வாய்த் தண்ணீர். சிரிக்காதீர்கள். என் அம்மா மீன் விற்பவள். கடவப் பெட்டியைத் தலையில் வைத்து முதலில் திங்கள்நகர் சந்தை, பிறகு பஸ் பிடித்து நாஞ்சில் நாட்டு ஊர்கள். பெரும்பாலும் கடன் வியாபாரம், அறுவடையில் தீர்ப்பார்கள். கடன் நோட்டை ஐந்தாம் வகுப்பிலிருந்து எழுதியவள் நான். நெல்லின் முதல் போகமான கன்னிப்பூ அறுவடையில் பாக்கி குறையும், இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடையில் மறுபடி குறையும். ஓராண்டு தண்ணீர் கடைவரம்புக்கு, அதாவது கால்வாயின் கடைசி வயல்களுக்கு, வந்து சேரவில்லை. அந்த ஆண்டு நோட்டில் ஒரு பக்கம்கூடக் கடன் தீர்ந்து அடிக்கப்படவில்லை, எனக்குப் புது யூனிஃபார்மும் கிடைக்கவில்லை. வயல் என்றால் எனக்கு அந்த நோட்டுதான். வரப்பில் நான் நடந்ததே பத்து முறைக்குள் இருக்கும்.

என் கேள்விகள் இவை. தெரியாத ஒன்றை பீட்டாக எடுப்பது மடத்தனமா? இன்னொன்று, எங்கள் நிலையத்துக்குச் செய்தி ஒலிபரப்பும் உரிமை கிடையாது. செய்தி சொல்ல முடியாத வானொலியில் இருந்துகொண்டு பீட் வைத்து என்ன செய்வது?

---

சின்னமுட்டம் எழுதியது:

தங்கச்சி, நேராகச் சொல்கிறேன், கோபப்படாதே. வயலுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடலுக்கு நம் ஆள் யார் இருக்கிறார்? நம் ஆள் மைக்கைக் கீழே வைத்தால் வெளியாள்தான் எடுப்பான், நீயே சொன்ன மாதிரி இரண்டாம் முறை அழச் சொல்வான்.

கடல் என்றால் புயலும் சாவும் மட்டும்தானா? இந்த மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்தில் விசைப்படகைக் கட்டிப்போடுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், இரண்டு கடல். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பூட்டு. அந்த இரண்டு வாரத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்ன சாப்பிடுகிறான் என்று எந்த வானொலியாவது கேட்டதா? இதை எடு.

---

பழைய நாடா எழுதியது:

மக்களே, 30 ஆண்டுக்கு மேல் வானொலியில் ஒலிப்பதிவு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீ பீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டாய், ஆள் சேர்க்கத்தான் இங்கே வந்திருக்கிறாய். இருக்கட்டும்.

கேள்வியை நீ எழுப்பியிருக்கும் மண்ணைப் பற்றி முதலில் ஒன்று. இந்தியாவில் உள்ளூர் வானொலி என்ற ஏற்பாட்டை முதன்முதலில் சோதித்துப் பார்த்த ஊர் நாகர்கோவில். 1984 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. மாநிலத் தலைநகரத்திலிருந்து வரும் குரல் போதாது, ஒரு மாவட்டத்துக்கு அதன் சொந்தக் குரல் வேண்டும் என்பதுதான் எண்ணம். வயலும் வானொலியும் உறவு என்பது அதற்கும் பழையது. 1960களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். விதையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது வானொலி, அதனால் அந்தப் பெயர். கடற்கரைப் பெண் வயலைப் பற்றிப் பேசக் கூடாது என்று அலைவரிசை எதிலும் எழுதி வைத்திருக்கவில்லை.

நீ தண்ணீர் என்கிறாயே, அதை எப்படி ஒலிக்குள் கொண்டுவருவாய் என்று யோசித்தாயா? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஸ்பூல் டேப் காலம். தோளை அறுக்கும் ரெக்கார்டர். அணை திறப்பு என்று அதிகாலையில் போனோம். அமைச்சர் பேசினார், எடுத்தேன். ஷட்டர் ஏறியது, எடுத்தேன். தண்ணீர் 'ஓ' என்று பாய்ந்தது, பத்து நிமிடம் எடுத்தேன். பெருமையாகத் திரும்பி வந்து நிலையத்தில் போட்டுக் கேட்டால், டியூன் பண்ணாத ரேடியோவின் இரைச்சல் மாதிரி இருக்கிறது. வெள்ளம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய தண்ணீரின் ஓசைக்கு உருவம் கிடையாது, மக்களே. அது மைக்கில் வெறும் சீறல்.

அடுத்த ஆண்டு வேறு மாதிரி செய்தேன். திறப்புக்கு இரண்டு நாள் முன்பே கால்வாயின் கடைசிக் கிளைக்குப் போனேன். காய்ந்த சருகின்மேல் நடக்கிற காலடி, ஆடு, மண்வெட்டி, தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு தண்ணீர் வந்து சேர்கிற நாளில் அதே இடத்தில், மைக்கைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். முதலில் சருகு நகரும். பிறகு ஒரு குமிழி. ஒரு தவளை. அப்புறம் யாரோ ஒருவர் "வந்தாச்சு" என்று கத்தினார். அந்த நாற்பது வினாடியைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. நான் யாரையும் அழச் சொல்லவில்லை.

ஆகவே இப்போதே கிளம்பு. இது மே மாதம். வறண்ட கால்வாயை இப்போது எடுக்காவிட்டால் அடுத்த மே வரை கிடைக்காது. ஃபெலோஷிப் கிடைக்கிறதோ இல்லையோ.

---

குலசேகரம் ஒட்டுப்பால் எழுதியது:

கடல், வயல். வயல், கடல். மாவட்டத்தின் மலைப்பக்கத்தில் மனிதர்கள் இல்லையா? ரப்பர் என்று ஒன்று இருப்பது வானொலிக்கு நினைவு வருவது கோட்டயம் விலை சொல்லும்போது மட்டும். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் பெண்களை யார் பேட்டி எடுத்தார்கள்? மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஒக்கியில் படகு போன கணக்கு எல்லோருக்கும் தெரியும். முறிந்த ரப்பர் மரத்தையும் சாய்ந்த வாழையையும் யார் நினைக்கிறார்கள்?

பால் சொட்டும் ஓசை மைக்கில் விழாது என்று பெரியவர் சொல்வார். கத்தி பட்டையைச் சீவும் ஓசை விழும். வந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

முட்டத்துக்காரி எழுதியது:

ஒட்டுப்பால் அண்ணன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்பது மாதத்துக்கு ஒரே பீட் என்கிறார்களே, மூன்றையும் எடுத்தால் ஒன்றும் தேறாது. இன்னொரு வேடிக்கை: பேச்சிப்பாறை அணையைச் சுற்றி இருப்பது உங்கள் ரப்பர் தோட்டங்கள்தானே. தண்ணீரைப் பின்தொடர்ந்து மேலே வந்தால் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பேன்.

சின்னமுட்டம் அண்ணன், இரண்டு தடைக்காலம் பற்றி நீங்கள் சொன்னது உறுத்துகிறது. "நம் ஆள் யார் இருக்கிறார்" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் யோசிக்கிறேன்.

பழைய நாடா அண்ணாச்சி, ஆள் சேர்க்க வந்தேன் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். வறண்ட கால்வாய் யோசனைக்கு நன்றி. ஆனால் எந்தக் கால்வாய்? பேச்சிப்பாறையிலிருந்து பிரிவதில் எத்தனை கிளை இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துத் தலை சுற்றிவிட்டது.

---

மிச்சிகன் தக்கலை எழுதியது:

தக்கலையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே உள்ளூர் பொது வானொலியை வாகனம் ஓட்டும்போதெல்லாம் கேட்பவன் என்ற தகுதியில் இரண்டு விஷயம்.

இங்கே தேசியப் பொது வானொலி 1970இல் அமைக்கப்பட்டது. ஆனால் ஊர் வானொலிகள் அதன் கிளைகள் அல்ல, ஒவ்வொன்றும் தனி நிர்வாகம். பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. ஆண்டுக்குச் சில முறை நிகழ்ச்சியை நிறுத்தி நேயர்களிடம் நன்கொடை கேட்பார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் கோயில் கொடைக்கு வரி பிரிப்பது ஞாபகம் வந்தது. மத்திய அரசின் பணத்தை இவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்த அமைப்பு ஒன்று இருந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அடுத்த மாதமே அந்த அமைப்பு கடையைக் கட்டுவதாக அறிவித்தது. ஆகவே உள்ளூர் நிருபருக்குச் சம்பளம் கொடுக்க இப்படிப்பட்ட ஃபெலோஷிப்புகளை நம்புவது இங்கே இன்னும் அதிகமாகும் என்று நினைக்கிறேன்.

இங்குள்ள திட்டங்களில் ஒன்று 'ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா', 2017இல் அறிவித்தார்கள். உள்ளூர் செய்தி அறைக்கு நிருபரை அனுப்பி, முதலாண்டுச் சம்பளத்தில் பாதி வரை தாங்களே தருவார்கள். அதில் எனக்குப் பிடித்தது, நிருபர் மட்டும் விண்ணப்பித்தால் போதாது, செய்தி அறையும் "எங்களுக்கு இந்த பீட்டுக்கு ஆள் இல்லை, வந்தால் இவர் வழிநடத்துவார்" என்று விண்ணப்பிக்க வேண்டும். உன் ஃபெலோஷிப்பில் இந்த நிபந்தனை இல்லாவிட்டாலும் நீயே கேட்டு வாங்கிக்கொள். உன் சித்திரத்தைக் கேட்டுவிட்டு "இரண்டாம் நிமிடம் சலிக்கிறது" என்று சொல்ல நிலையத்தில் ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது மாதமும் தனியாக உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாய்.

இரண்டாவது, தண்ணீர் பீட் சின்னது என்று நினைக்காதே. இந்த மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரித்து ஈயம் கலந்தது. மக்கள் நிறம் மாறிய தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள், அதிகாரிகள் ஒன்றுமில்லை என்றார்கள். நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2016 ஜனவரி வாக்கில். அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அந்தப் புட்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் உள்ளூர்ப் பொது வானொலியின் நிருபர்களும் உண்டு. அவர்கள் யாரும் வேதியியல் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. திரும்பத் திரும்ப அதே தெருவுக்குப் போனார்கள்.

---

வடசேரி கடைசி பஸ் எழுதியது:

செய்தி உரிமை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேறு மாவட்டத்தில் ஒரு சமுதாய வானொலியில் இருந்தவள், இதே பயத்தில் ஓராண்டை வீணாக்கியவள்.

சமுதாய வானொலியும் தனியார் பண்பலையும் சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரித்து வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் எது செய்தி, எது செய்தி இல்லை என்பதில் இடம் இருக்கிறது. தனியார் பண்பலைக்கான 2011ஆம் ஆண்டு மூன்றாம் கட்ட விதிகளைப் பாருங்கள். வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்பு, இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். "அணை திறப்பில் முறைகேடு" என்று நீங்கள் சொன்னால் சிக்கல். "இந்த மடைக்குத் தண்ணீர் வந்ததா" என்று அந்த மடைக்காரரே சொன்னால் அது அனுபவம், விவசாய நிகழ்ச்சி. உங்கள் பொறுப்பாளரிடம் முதல் சித்திரத்தை ஒலிபரப்புக்கு முன் எழுத்தில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வாயால் சொன்ன ஒப்புதல் காற்றோடு போகும், எனக்குப் போயிருக்கிறது.

பணம் பற்றியும். எனக்குக் கிடைத்த ஃபெலோஷிப்பில் முதல் தவணை வர மூன்று மாதம் ஆனது. அதுவரை பஸ் கூலி கைக்காசு. டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள், வெயிலில் வைத்தால் எழுத்து மறைந்துவிடும். துணிக்கடை வேலையை உடனே விடாதீர்கள்.

---

நாலு மரக்கால் விதைப்பாடு எழுதியது:

பூதப்பாண்டிப் பக்கத்தில் சொந்தமாக நாலு மரக்கால் விதைப்பாடு, அதாவது நாலு மரக்கால் நெல் விதைக்கும் அளவு வயல் வைத்திருப்பவன் நான். உன் அம்மாவிடம் கடன் வைத்தவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கலாம், மன்னிக்கவும்.

பேச்சிப்பாறை முதல் கடைவரம்பு வரை என்று எழுதிக் கொடுத்தாயானால் ஒன்பது மாதம் அல்ல, ஒன்பது வருடம் வேண்டும். பழையாற்றை எடு. சுருளோடு பக்கம் தொடங்கி, தெரிசனங்கோப்பு, பூதப்பாண்டி, வீரநாராயணமங்கலம், ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று வந்து மணக்குடியில் கடலில் விழுகிறது. எல்லா இடத்துக்கும் பஸ் இருக்கிறது. இடையிடையே பள்ளிகொண்டான், சோழன்திட்டை என்று சின்னச் சின்ன அணைகள், ஒவ்வொன்றிலும் பிரியும் வாய்க்கால், குளம், குளம் நிரம்பி வழியும் மறுகால். மேலே குளிக்கலாம். ஒழுகினசேரிப் பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டும். அதே தண்ணீர்தான் கீழே தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குப் பக்கத்தில் போகிறது. அந்த ஈரநிலத்தை 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், பறவை பார்க்க வருகிறவர்கள் வருகிறார்கள்.

இன்னொன்று, ஆறு முடிகிற மணக்குடியில் இருப்பவர்கள் உன் ஆட்கள். 2004 சுனாமியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலம் பெயர்ந்து போனதே, அந்த இடம். நாங்கள் மேலே என்ன கொட்டுகிறோமோ அது அவர்கள் வலையில் போய் விழுகிறது. சின்னமுட்டத்துக்காரருக்கும் கோபம் குறையும்.

மதகு ஊழியரான லஸ்கரைப் பிடி. ஷட்டர் சாவி அவர் கையில். பொறியாளர் மாறுவார், லஸ்கர் மாறமாட்டார். எந்த வாய்க்காலில் எந்த நாள் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அவருக்குத் தெரிந்த அளவு காவல் நிலையத்துக்கும் தெரியாது.

---

சின்னமுட்டம் எழுதியது:

கோபம் குறையவில்லை. ஆனால் மணக்குடி நல்ல யோசனை. ஆறு கடலில் சேரும் பொழிமுகம் அடைபட்டால் என்ன ஆகும், திறந்தால் என்ன ஆகும் என்று அங்குள்ள வயதானவர்களிடம் கேள். தடைக்காலம் பற்றியும் ஒரு சித்திரம் செய்வதாக வாக்குக் கொடு, விடுகிறேன்.

---

பழைய நாடா எழுதியது:

நாலு மரக்கால்காரர் சொன்னதைப் பிடித்துக்கொள், மக்களே. நான் கருவி பற்றி மட்டும் சேர்க்கிறேன். விலை உயர்ந்ததை இப்போது வாங்காதே. எல்லாத் திசையும் கேட்கும் டைனமிக் மைக் ஒன்று போதும். கையில் பிடித்தால் உரசல் அதிகம் விழாது. பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண். மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து மைக்கை நடுவில் வைக்காதே, பக்கத்தில் உட்கார். மணக்குடியில் காற்று உன்னை ஏமாற்றும். வெறும் நுரை உறை போதாது, முடி வைத்த உறை வேண்டும். கிடைக்கும்வரை உன் உடம்பையே காற்றுக்குக் குறுக்கே வைத்து நில். ரெக்கார்டரில் தாழ் அதிர்வைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் போடு. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிடம் எடு, வெட்டிய இடத்தை மூட அதுதான் மண்.

ஹெட்போன் போடாமல் ஒரு வினாடியும் எடுக்காதே. வெட்கமாக இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

---

முட்டத்துக்காரி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பீட்: பழையாறு. "ஏன் நீங்கள்?" என்ற கட்டத்தில் அம்மாவின் கடன் நோட்டைப் பற்றி மட்டும் எழுதினேன், ஒரு பக்கத்தின் படத்தையும் வைத்தேன், ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு. முதலில் "நீர் மேலாண்மையில் ஆர்வம் கொண்ட நான்" என்று ஆரம்பித்த பத்தியை அழித்தேன். சத்தமாக வாசித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. ஒன்பது மாதத்தில் ஒரு சித்திரம் தடைக்காலத்து மணக்குடி பற்றி என்று எழுதிவிட்டேன், சின்னமுட்டம் அண்ணன். எங்கள் பொறுப்பாளர் எழுத்தில் ஒப்புதல் தந்தார். எடிட்டராக இருக்க அவருக்கு நேரம் இல்லையாம். ஆகவே அண்ணாச்சி, "இரண்டாம் நிமிடம் சலிக்கிறது" என்று சொல்லும் வேலையை உங்கள் தலையில் கட்ட எண்ணியிருக்கிறேன்.

வறண்ட வாய்க்காலை எடுக்கப் போனேன். முதல் நாள் முழுவதும் வீண். வீரநாராயணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை வாய்க்காலில் நாற்பது நிமிடம் வெயிலில் நின்று பதிவு செய்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று நிமிடத்தோடு நின்றிருக்கிறது. பேட்டரி. மாற்றுப் பேட்டரி பையில்தான் இருந்தது. மறுநாள் மறுபடி போனேன். இந்த முறை ஒரு பாட்டி, "நேற்றும் வந்தாயே, எதைத் தொலைத்தாய்?" என்று கேட்டார். அதனால் பேச்சு வந்தது. அந்த வாய்க்காலில் அவர் சிறுமியாக இருந்தபோது துணி துவைத்த கல்லைக் காட்டினார். முதல் நாள் பேட்டரி ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பேன்.

இரவு அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தேன். பாட்டி பேசாத பகுதியை, வெறும் வாய்க்காலை. "இதில் ஒன்றுமே இல்லையே" என்றாள். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். "தூரத்தில் யாரோ தேங்காய் உரிக்கிறார்கள். பாரைக்கோல் சத்தம்." நான் அங்கே நின்றபோது அது என் காதில் விழவே இல்லை. ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன், இருக்கிறது. அம்மா அந்த ஊரில் எந்த வீட்டில் தென்னந்தோப்பு என்றுகூடச் சொன்னாள். அவர்கள் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்களாம்.

நாலு மரக்கால் அண்ணன், ஜூன் பிறக்கப் போகிறது. உங்கள் பக்கத்து ஷட்டரை லஸ்கர் எத்தனை மணிக்குத் தூக்குவார்? முதல் பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்குமா?

---

நாலு மரக்கால் விதைப்பாடு எழுதியது:

முதல் பஸ் போதாது. முந்தின நாள் சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்கு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். விடியும் முன் வருவார், சாயா குடிக்காமல் சாவியை எடுக்கமாட்டார். அந்த நேரத்தில் மைக்கை நீட்டாதே. சாயா முடியட்டும்.